வைபி கட்சி மாறாத வியாழக்கிழமை

ஜொகூர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் ஏழு வருடம் உதவியாளராக இருந்தேன். இங்கே சட்டமன்ற உறுப்பினர் என்றால் எல்லாருக்கும் வைபிதான். ஆட்கள் முன்னால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால், அக்கா.

அக்கா லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவுக்குப் பால்மரம் வெட்டுகிற வேலை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைக் காலி பண்ணச் சொல்லி மலாயில் நோட்டீஸ் வந்ததாம். பெரியவர்களுக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு இவர்தான் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினாராம். அந்தக் கோபத்தில்தான் வக்கீலுக்குப் படித்தேன் என்று மேடையில் சொல்வார். அதை நான் ஒருமுறை காரில் கேட்டேன். "அதெல்லாம் மேடைக்கு லா. மார்க் வந்துச்சு, படிச்சேன்" என்றார்.

முதல் தேர்தலில் தோற்றார். இரண்டாவதில் மயிரிழையில் ஜெயித்தார். அந்த முறை அவருடைய கூட்டணிதான் மாநில ஆட்சியைப் பிடித்தது.

பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளிக்காக அலைந்தோம். பெக்கான் நானாஸ் போகிற வழியில், அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த சின்னப் பள்ளி. இரண்டு வெள்ளத்தில் கட்டடம் பயன்படுத்த முடியாமல் போய், பிள்ளைகள் தகரப் பெட்டி மாதிரி இருந்த தற்காலிக வகுப்புகளில் படித்தார்கள். மத்தியானம் உள்ளே போனால் மூச்சு முட்டும். மாற்று நிலம் பார்த்தாகிவிட்டது. மாநில அரசின் ஒப்புதல் மட்டும் வரவேண்டும். சொந்தக் கூட்டணியின் ஆட்சியிலேயே அந்தக் கோப்பு நகரவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை தொகுதிச் சேவை மையத்தைத் திறந்தபோதே அக்காவின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சியிலிருந்து சிலர் எதிர்க்கட்சிப் பக்கம் போய்விட்டார்கள். இன்னும் ஒரே ஒருவர் போனால் ஆட்சி கவிழ்ந்துவிடும். அந்த ஒருவர் இவர்தான் என்று அதற்குள் வாட்சப்பில் செய்தி ஓடியது. வாசலில் நிருபர்கள் கூடிவிட்டார்கள். அக்கா போனை அணைத்து என்னிடம் கொடுத்தார்.

"உன் வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. வீட்டுக்காரரு சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டாரு."

பின்கதவு வழியாக என் பழைய காரில் ஏற்றித் தம்போயில் இருந்த என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால்கூட நிருபரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. வந்தவர் முதல் தேர்தலில் எங்களோடு வெயிலில் போஸ்டர் ஒட்டிய கட்சிக்கார அண்ணன். அப்புறம் அந்தப் பக்கத்துப் பெரிய ஆட்களோடு பழக்கமாகிப் போனவர். என் வீடு அவருக்குத் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"தங்கச்சி, கேட்டத் தொற. அவங்க உள்ளதான் இருக்காங்கன்னு தெரியும். அஞ்சு நிமிசம்தான்."

அக்கா தலையை ஆட்டினார். திறந்துவிட்டேன்.

அண்ணன் உட்காரக்கூட இல்லை. "வைபி, சுத்தி வளைக்கல. புது ஆட்சிக்குழுவுல மந்திரி மாதிரி ஒரு எடம். அது ஒங்களுக்கு. பள்ளிக்கூட நெலம், அடுத்த வாரமே கையெழுத்து. அது பிள்ளைங்களுக்கு. நாலு மணிக்குள்ள சொல்லுங்க."

"என்னைய நம்பி ஓட்டுப் போட்டவங்களுக்கு என்னண்ணே சொல்றது?"

"பள்ளிக்கூடத்தக் காட்டுங்க. வேற என்ன சொல்லணும்?"

அவர் போனதும் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஒத்துக்கங்கக்கா."

நிமிர்ந்து பார்த்தார். என்னிடமிருந்து அதை எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்கு இதுக்காகத் தாவுனா, நாளைக்கு அவங்க கூப்பிட்ட பக்கமெல்லாம் தாவணும்மா."

"நம்ம ஆளுங்க மட்டும் என்ன செஞ்சாங்க? எத்தன தடவ அந்தக் கோப்பத் தூக்கிட்டு நாயா அலஞ்சோம்? ஒங்களுக்கு ஒங்க பேருதான் பெருசு. பிள்ளைங்க வெந்து சாவட்டும்."

அக்கா கோபப்படவில்லை. தன் போனை வாங்கிப் பள்ளித் தலைமையாசிரியைக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், நெலம் விசயம் இன்னும் தள்ளிப்போகும் போலருக்கு. ஒங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. டீச்சர் கேட்டார், "எவ்வளவு தள்ளிப்போகும் வைபி? பெத்தவங்க பிள்ளைங்கள வேற பள்ளிக்கு மாத்த ஆரம்பிச்சுட்டாங்க."

"தெரியல டீச்சர்."

"சரிங்க வைபி" என்று வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக அவர் திட்டியிருக்கலாம்.

அக்கா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மணி இரண்டுகூட ஆகவில்லை. அண்ணனுக்கு அவரே போன் போட்டு முடியாது என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. பிறகு கட்சி அலுவலகத்துக்கு வண்டியை விடச் சொன்னார். நிருபர்கள் முன்னால் நின்று, நான் எங்கேயும் போகவில்லை என்று மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொன்னார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். என்னால் கை தட்ட முடியவில்லை.

அன்றைக்கே ஐந்து மணிக்கு, யாருமே எதிர்பார்க்காத இன்னோர் உறுப்பினர் அந்தப் பக்கம் போய்விட்டார். ஆட்சி கவிழ்ந்தது. அக்கா மறுத்தும் எதுவும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து நிலம் போனதுதான் மிச்சம்.

எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தும் அவர் அந்தப் பள்ளியைப் பற்றிச் சட்டமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் வந்தது. அடுத்த தேர்தலில் மோசமாகத் தோற்றார். அந்தப் பள்ளி வட்டாரத்திலேயே அவருக்கு ஓட்டுக் குறைந்திருந்தது. நிலம் பிற்பாடு, தொகுதிக்குப் புதிதாக வந்தவர் காலத்தில் கிடைத்தது. அதற்குள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆறு வருடத்தையும் அந்தத் தகரத்துக்குள்ளேயே முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தேன். காரில் ரேடியோவைப் போட்டுவிடுவேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று சில தடவை வாய்வரை வரும். ஆனால் நான் சொன்னது தப்பு என்று எனக்கே நிச்சயமில்லாதபோது எதற்கு மன்னிப்புக் கேட்பது?

தோற்ற பிறகு சேவை மையத்தைக் காலி பண்ணினோம். மனுக்களை எல்லாம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்கு என் பேரப் பத்தியும் நெனச்சேன்தான். அத மட்டும்தான் நெனச்சேன்னு நீ சொன்ன பாரு, அதுதான் எனக்கு ஆறல."

நான் கீழே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "அழுது முடிச்சா சொல்லு, இந்தப் பெட்டிய ஒத்தையில தூக்க முடியாது" என்றார்.

இப்போது அக்கா லாபிஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வக்கீல் அலுவலகம் வைத்திருக்கிறார். நிலப்பட்டா, குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்கள் வழக்குதான் அதிகம். நான் தம்போயில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பேன். அன்றைக்கு அவர் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அப்படியே நெனச்சுக்க" என்பார். அடுத்த தேர்தலில் அவர் நின்றால் என் ஓட்டு அவருக்குத்தான். அதையும் சொல்லியிருக்கிறேன்.