கணப்படுப்பின் தொண்டை

ரொறன்ரோவில் பேரன் வாங்கிய பழைய செங்கல் வீட்டைப் பார்க்கப் போன கிழமை போனேன். முன்னறையில், குளிர்காயச் சுவருக்குள் கட்டிய கணப்படுப்பைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆழமில்லாத குழி. இரண்டு பக்கச் சுவர்களும் அறையைப் பார்த்து விரிந்து சாய்ந்திருந்தன. குனிந்து மேலே பார்த்தேன். புகை போகும் தொண்டை ஒடுக்கமாக இருந்தது. இதே மாதிரி அடுப்பு ஒன்றோடு நான் இருந்திருக்கிறேன்.

என்னைப் பெற்ற ஐயா, குளிர்மலை ஊரான நுவரெலியாவில் ஒரு துரையின் பங்களாவுக்குக் காவலிருந்தார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களையும் அங்கே கூட்டிப்போனார். துரை சீமைக்குப் போயிருந்த நேரம் பங்களா முன்னறையில் தம்பி பிறந்தான். அம்மாவைப் பார்க்கச் சின்னம்மா வந்திருந்தா.

அந்த முன்னறை அடுப்பு கதைக்கும். காற்றடித்தால், வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் முனகுவதுபோல் இருக்கும். சின்னம்மா திருநீற்றை அள்ளிப் பூசுவா. ஐயாவுக்குச் சிரிப்பு.

"பேயுமில்லை, பிசாசுமில்லை. தொண்டை ஒடுக்கம், காத்து இழுபடேக்க சத்தம் வருது. முந்தின அடுப்பெல்லாம் குகை மாதிரியாம். சூடு முழுக்கப் புகையோட மேல போயிடுமாம். பிறகுதான் வெள்ளைக்காரன் உப்பிடிக் கட்டப் பழகினவன். ரெண்டு கட்டை போதும், சாய்ஞ்ச சுவர் சூட்டை எங்களிட்டைத் திருப்பி எறியும்."

"எறியட்டும். உந்த ஓட்டைக்குள்ளால பனி இறங்கிப் பச்சைப்பிள்ளைக்குச் சளி பிடிச்சா நீங்களோ அத்தான் பாப்பியள்?"

ஊரில் பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்குக் கீழே தணல்சட்டி வைப்பது வழக்கம். கிடுகு வேய்ந்த ஓலை வீட்டில் காற்று எங்கும் புகுந்து போகும். பங்களாவிலோ இறுக்கிச் சாத்திய கண்ணாடி யன்னல்கள். ஒருநாள் பின்னேரம், ஐயா தோட்டத்தில் நின்றார். வெளியே ஒரே மூடுபனி. கட்டைகள் எரிந்து புகையில்லாத தணலானதும், சின்னம்மா ஈரச்சாக்கொன்றைத் தடியால் அந்தத் தொண்டைக்குள் அடைத்தா. கதவையும் சாத்தினா.

முனகல் நின்றது.

"இப்ப கதைக்கட்டும் பாப்பம்," என்று சிரித்தபடி கட்டிலடியில் சாய்ந்தா.

அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. தலை இடித்தது. சாய்ந்த சுவர்கள் இன்னும் விரிந்து என்னை அணைக்க வருவதுபோல் இருந்தது. தணலின்மேல் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். அம்மாவின் சேலைதான். ஆனால் அம்மா கட்டிலில் கிடந்தா. அது என்னைப் பார்த்து மெதுவாகத் தலையைச் சரித்தது.

வீட்டுக்குப் புது ஆட்கள் வந்தால் ஓடி ஒளிவது என் பழக்கம். அன்றும் ஓடினேன். கதவைத் திறந்தது நினைவிருக்கிறது, படியில் விழுந்தது நினைவில்லை.

நான் கிடந்ததைக் கண்டு ஐயாதான் ஓடிவந்து ஒவ்வொருவராக வெளியே இழுத்தாராம். அம்மாவும் சின்னம்மாவும் கக்கிச் சத்தியெடுத்து எழும்பினார்கள். தம்பி எழும்பவில்லை. அவனுடைய உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது.

சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினா. "நான் அதின்ரை வாயை அடைச்சன், அத்தான். அந்தக் கோவத்திலதான் பிள்ளையைக் கொன்றுபோட்டுது. பேய்தானே அத்தான்?"

ஐயாவின் கையில் அந்தச் சாக்கு இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஓம் பிள்ளை," என்றார். "பேய்தான்."

ரொறன்ரோ வீட்டில் பேரன் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான். "அம்மம்மா, தணல்ல இருந்து ஒரு காஸ் வரும். மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. மேல போக வழியில்லாட்டி ஆக்கள் நித்திரையிலயே செத்திடுவினம். இது கத்தினா உடனே வெளிய ஓடுங்கோ, ஓகே?"

நான் தலையாட்டினேன்.

பேயை நம்பாத ஐயா அன்றைக்கு மட்டும் ஏன் ஓமென்றார் என்று படியில் கிடந்த எனக்கு அப்போது விளங்கவில்லை. சின்னம்மா சாகும்வரை அந்தப் பேயைத் திட்டிக்கொண்டேயிருந்தா.