வேண்டுமென்றே கருக்கிய நிக்கல்

பாலக்காட்டிலிருந்து பங்காருபேட்டை வரைக்கும் நிக்கல் முலாம் என்றால் என் பட்டறைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இப்படிச் சொன்னால் கர்வம் என்பார்கள். நான் முலாம் போட்ட பைக் விளக்கில் முகம் பார்த்துத் தலை வாரியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, பெங்களூரு கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். கரண்ட் விட்டுத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது அவள் வேலை. அதற்கு நிக்கல் வலைமேல் இன்னும் நிக்கல் ஏற்ற வேண்டும். அவளே ஏற்றியது தண்ணீரில் உதிர்ந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை பரிசோதனையிலும் உதிர்ந்தால் மூன்று வருட உழைப்பு வீண். ஏதோ காகிதத்தைக் காட்டி விளக்கினாள். நான் காதில் வாங்கவில்லை. முலாம் பற்றி எனக்கே பாடமா?

மறுநாளே பளபளவென்று போட்டுக் கொடுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயா, இது கண்ணாடி மாதிரி இருக்குது. எனக்குக் கருப்பா, சொரசொரன்னு வேணும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருந்தாத்தான் தண்ணி தொட எடம் நெறைய கெடைக்கும். முடியாதுன்னா சொல்லிடுங்க."

"முடியாதா? யாரப் பாத்தும்மா கேக்கற?"

கரண்ட் அதிகமானால் முலாம் கருகும். கருகியதை நான் பட்டறைக்கு வெளியே அனுப்பியதே இல்லை. இப்போது அதையே செய்ய வேண்டும். பளபளப்பு மருந்து இல்லாத புதுத் தொட்டி வைத்தேன். நவச்சாரம் கலந்து, கரண்டை ஏற்றினேன். குமிழி பொங்கியது, வலை கருத்தது. விரல் பட்டதும் கரியாய் உதிர்ந்தது. அவள் கொடுத்திருந்த வலைகளில் நான்கு அப்படியே போயின.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இத்தினி வருசம் கருகிப்போச்சேன்னு கத்துனீங்க. இப்ப இன்னா, கருகினது நிக்கலியேன்னு கத்துறீங்க?"

"நிக்கும். நீ போ."

ஐந்தாவது வலையை அமிலத்தில் தோய்த்தேன். குறைந்த கரண்டில் மெல்லிய அடிப்பூச்சு ஒன்று ஏற்றி, ஈரம் காயுமுன் பெரிய கரண்டுக்கு மாற்றினேன். ஒரேயடியாக விடாமல், மூச்சை எண்ணி விட்டுவிட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அதை நானே அவள் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் வலையை இறக்கிக் கரண்ட் விட்டாள். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. மதியம் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் குனிந்து பார்த்தாள்.

"ஒரு தூள்கூட இல்லீங்கய்யா! போதும், நிறுத்திடலாம்."

"இன்னாம்மா அவசரம்? சாயங்காலம் வரைக்கும் ஓட்டு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் அவள் வலையை வெளியே எடுத்ததும், வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.