உதடு வந்துடுச்சா?

"உதடு வந்துடுச்சா?"

சாயங்காலம் ஆனதும் டாக்டரம்மா போனைக் கையில் எடுத்துவிடுவார். அன்று யார் யார் தாடையில் துளை போட்டாரோ, அவர்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான். நலம் விசாரிப்பு கிடையாது, வலி எப்படி என்ற பேச்சு கிடையாது. கோபித்துக்கொண்டு வெளியே போன பிள்ளை வீடு திரும்பியதா என்று கேட்கிற குரல். "வந்துடுச்சு டாக்டர்" என்று பதில் வந்தாலும் விடமாட்டார். கண்ணை மூடச் சொல்வார். வீட்டில் இருக்கும் ஒருவரைப் பஞ்சால் உதட்டைத் தொடச் சொல்வார். எப்போது தொடுகிறார்கள், எங்கே தொடுகிறார்கள் என்று கண் திறக்காமலே சொல்லியாக வேண்டும்.

அவர் பல் டாக்டர். விழுந்த பல்லின் இடத்தில் எலும்புக்குள் ஒரு திருகாணியை இறக்கி, அதன்மேல் புதுப் பல் கட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. பேச்சில் படு சிக்கனம். ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ரெண்டு எம்எம் டாக்டர்'. திருகாணியின் நுனிக்கும் தாடை நரம்புக்கும் நடுவே அந்த ரெண்டு எம்எம் இடம் இல்லையென்றால், காலில் விழுந்தாலும் வேலைக்கு ஆகாது. "இடம் இல்ல. கழட்டி மாட்டுற பல்லே போட்டுக்குங்க" என்று அனுப்பிவிடுவார்.

எனக்கு இடது கீழ்க்கடைவாயில் ஒரு பல் போய்விட்டது. என் தாடையின் படத்தை அவர் கணினித் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். எலும்புக்கு நடுவே, கடைவாயிலிருந்து மோவாய் வரைக்கும் ஒரு சுரங்கம் போகிறது. அதற்குள் ஒரு சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உள்ள ஒருத்தர் படுத்திருக்கார். உங்க உதட்டுல, மோவாய்ல என்ன நடந்தாலும் சேதி சொல்றவர் அவர்தான். அவரை மிதிச்சிடக் கூடாது."

இத்தனை வருஷமாக என் முகத்துக்குள் ஒருவர் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை!

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பார்வை நம் தலைக்கு மேலே எங்கோ போகும். ஆள்காட்டி விரலால் தன் மோவாயின் இடப்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். எதிரே இருப்பவர்கள், ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும் என்று அவசர அவசரமாகத் தங்கள் மோவாயைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்தேன். ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் வரவேற்பு மேஜையில் அவருடைய கணவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அறுவை அறையில் பாட்டுக் கிடையாது, பேச்சுக் கிடையாது. நர்ஸ் இருமினால்கூட டாக்டரம்மாவின் கை நின்றுவிடும். துளை போடும் ஊசியில் ஆழத்துக்கு அடையாளமாகக் கோடுகள் இருக்கின்றன. அவர் அவற்றை நம்புவதில்லை. ஒவ்வொரு ஊசியையும் இரும்பு ஸ்கேலில் வைத்து, நுனியிலிருந்து அளக்கிறார். நர்ஸையும் அளக்கச் சொல்கிறார். "கோட்டுக்கு அப்புறமும் முனை இருக்கும். கோடு அதைச் சொல்லாது" என்று முணுமுணுத்தார். கொஞ்சம் துளைத்ததும் நிறுத்தி, மெல்லிய மொட்டைக் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார். "அடி இருக்கு" என்கிறார். மறுபடி கொஞ்சம் துளைக்கிறார். மறுபடி கம்பி. "அடி இருக்கு." மரப்பு ஊசியில் பாதி முகம் காணாமல் போன நிலையில், இருட்டுக் கிணற்றுக்குள் யாரோ காலால் துழாவுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நான் படுத்திருந்தேன். 'அடி இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் வலது பக்கத்து உதடு எப்போதும்போல இருந்தது. இடது பாதி வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் முகம்தான், ஒரு குறையும் இல்லை. விரலால் தொட்டால் வேறு யாருடைய மோவாயையோ தொடுவதுபோல இருந்தது. விரலுக்குத் தெரிகிறது, மோவாய்க்குத் தெரியவில்லை. கஞ்சி குடித்தபோது சட்டை நனைந்த பிறகுதான் வழிந்ததே தெரிந்தது. மருந்தின் வேகம் தணிய நேரம் ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன் வந்தது.

"உதடு வந்துடுச்சா?"

அந்தக் குரலுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு எப்படி இல்லை என்று சொல்வது? வாய் தானாக, "வந்துடுச்சு டாக்டர்" என்றது.

"வீட்ல யாரு இருக்காங்க? அவங்ககிட்ட குடுங்க."

என் மனைவி பஞ்சை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். போனை மேஜைமேல் வைத்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உதட்டின் ஓரத்தில் மெதுவாக ஏதோ பட்டது.

"இப்போ தொடுற" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையேங்க" என்றாள் மனைவி.

போனில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "உடனே கெளம்பி வாங்க. காலைல பாத்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. திருகாணியை இன்னிக்கே எடுத்துட்டா உதடு திரும்பிடும். நாள் போச்சுன்னா அது போனது போனதுதான்."

மூடிய கிளினிக்கை எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். டாக்டரம்மா உள்ளே கருவிகளைத் தயார் செய்துகொண்டிருக்க, அவருடைய கணவர் என்னை உட்காரவைத்தார். அப்போதுதான் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கிறேன். இடது மோவாயில் சவரக்கத்தி கீறிய தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"நானும் வந்துடுச்சுன்னுதான் சார் சொன்னேன்" என்றார் அவர்.

கல்யாணமான புதிதில், டாக்டரம்மா தனியாகப் போட்ட முதல் திருகாணி இவருக்குத்தானாம். என் வாயிலேயே ஆரம்பி என்று இவர்தான் பிடிவாதம் பிடித்திருக்கிறார். கோடு சொல்லாத அந்த முனை உள்ளே இறங்கிவிட்டது. சாயங்காலம், உதடு வந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்ததாம். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை, நாளைக்குத் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார், அதற்கு அடுத்த நாளும். பிறகு ஒரு காலையில் சவரம் செய்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சமையலறைக்குள் போயிருக்கிறார். சட்டையின் கழுத்தெல்லாம் ரத்தம், இவருக்குத் தெரியவே இல்லை.

"ஏன் என்னை இப்படி வெறிச்சுப் பாக்கறேன்னு அவகிட்டயே கேட்டேன் சார்" என்று சிரித்தார். சிரிப்பு வலது பக்கத்தில் இருந்தது. இடது பக்கமும் அசைந்தது, ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்ததைப் போல.

டாக்டரம்மா என் திருகாணியைக் கழற்றினார். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்ததாம். ரெண்டு எம்எம் இருந்தும்கூட! "நான் மிதிக்கல. ஆனா பாரம் ஏறிடுச்சு" என்றார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே என்கிட்ட பொய் சொல்லாதீங்க."

உதடு ஒரேயடியாக வரவில்லை. முதலில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் சுருக்குச் சுருக்கென்று குத்தியது. ஒருநாள் காலையில் தேநீர் சுட்டுவிட்டது. சுட்ட வேதனையில் கண்ணீர் விட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியாகப் பரிசோதனைக்குப் போனபோது கண்ணை மூடவைத்துப் பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தை எல்லாம் சரியாகச் சொன்னேன். தொடாதபோது வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு புதிதாகக் கொஞ்சம் பஞ்சை நூல்போலத் திரித்துக்கொண்டு வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

வரவேற்பு மேஜையில் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய மோவாயில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் கையில் பஞ்சைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா குனிந்து உதட்டுக்குக் கீழே தொட்டார். பதில் இல்லை. ஓரத்தில் தொட்டார். தழும்புகளின்மேல் தடவினார். கணவர் அப்படியே சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ம்... இப்போ தெரியுது" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா தன் கட்டைவிரலால் அந்தத் தேநீர்த் துளியைத் துடைத்துவிட்டார்.