தமிழ்நாட்டைக் கழித்த பெண்

வில்லியனூர் பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. பேசுமுன் வளையல்களை முழங்கைவரை ஏற்றிக்கொள்வார்.

“நர்சிங் அப்ளிகேஷன் தேதி முடிஞ்சிபோச்சும்மா” என்றார் கடைக்காரர்.

வளையல்கள் ஏறின. “அது கடலூர்க்காரங்க தேதிண்ணே. நான் சோரியாங்குப்பம், புதுச்சேரி ஆளு. கூகுள்ல புதுச்சேரின்னு போட்டு, தமிழ்நாட்டுக்கு முன்னாடி மைனஸ் அடி. அதெல்லாம் ஓடிப்பூடும்.”

கடைக்காரர் அப்படியே அடித்தார். புதுச்சேரிக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று வந்தது.

கடைக்காரர் விடவில்லை. “கல்யாணம் ஆயி இன்னாம்மா படிப்பு?”

“அத காலேஜுல கேக்கட்டும். நீ அனுப்புண்ணே.”

அனுப்பும்வரை அந்தப் பெண் உட்காரவில்லை.

தேதிகளைக் குறித்து வைப்பது என் வழக்கம். அவரைப் பார்த்த நாளைக் குறித்திருக்கிறேன். அவர் கல்லூரியில் சேரும் நாளுக்கு, கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.