கண்ணாடியில பேரு மிதக்கவிட்ட சாரு

ரெண்டு நாளு என் வாடகைக் கார்ல ஒரு சாரு சுத்துனாரு. ஒல்லி உடம்பு, மடியில லேப்டாப்பு. அவரு என் கார்ல மாட்டுன மிஷினால, ரோட்டைப் பாத்து ஓட்டும்போதே கடை பேரு, தெரு பேரெல்லாம் முன்கண்ணாடியில போர்டு மாதிரி மிதக்கும். அதை டிசைன் பண்ணுதது அவரு வேலை. நான் என்ன நக்கலடிச்சாலும் சிரிக்க மாட்டாரு, டைப் பண்ணிருவாரு.

"இட்லிக்கடையில சட்னி தீந்தாலும் காட்டுங்க சார்"னேன். அதையும் எழுதிக்கிட்டாரு.

முத்தையாபுரம் ரோட்டோரத்துல சிலுவை நட்ட ஒரு குருசடி இருக்கு. எப்பவும்போல ஸ்லோ பண்ணி சிலுவை போட்டேன். அப்பந்தான் மிதந்த போர்டுக்குப் பின்னால இருந்து ஒரு அக்கா சைக்கிளை உருட்டிக்கிட்டு குறுக்க வந்தாவ. பிரேக்குல ஏறி நின்னேன். ஒரு சாண்தான் இடைவெளி.

"கண்ணு என்ன பின்னால பொடதியிலயாலே இருக்கு?"ன்னு ஏசிட்டுப் போனாவ.

சாரு என் பக்கம் திரும்புனாரு. "உண்மையைச் சொல்லுங்க தம்பி. போர்டு அவங்களை மறைச்சுதா? மறைச்சிருந்தா இதைத் தூக்கிருவேன்."

பாக்கலன்னு எந்த டிரைவர் ஒத்துக்குவான்? "எட்டத்துலயே பாத்துட்டேன் சார், அதான் ஸ்லோ பண்ணேன்"னேன்.

என் கையைப் பிடிச்சு தேங்க்ஸ் சொன்னாரு. மறைக்கலன்னு டைப் பண்ணாரு.

அந்தப் போர்டோட இப்ப எந்தெந்த ஊர்ல கார் ஓடுதோ. பொய் சொல்லிட்டேன் சார்னு சொல்லணும்னா, அவரு நம்பர்கூட எங்கிட்ட இல்ல.