பகலில் படுத்தவன்

ஹாலந்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு முன் ஜன்னலுக்கும் திரை கிடையாது. அப்படித் திரை இருந்தாலும் ஓரமாக ஒதுக்கிக் கட்டியிருப்பார்கள். ஜன்னல் என்றதும் நம் ஊர்க் கம்பி ஜன்னலை நினைத்துவிடாதீர்கள். சுவரில் பாதியை எடுத்துவிட்டுக் கண்ணாடி மாட்டிய மாதிரி இருக்கும். நாயோடு நடப்பவர், சைக்கிளில் போகிறவர், தபால்காரர் என்று எல்லோரும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பார்த்தேன் என்பதற்கு அடையாளமாகக் கையையும் உயர்த்துவார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் பகலில் திரையை இழுத்து மூடி வைத்தோம். பக்கத்து வீட்டு கோரி அம்மாள் கதவைத் தட்டி, வீட்டில் ஏதாவது துக்கமா என்று மெல்ல விசாரித்தார். பகலில் திரை மூடியிருந்தால் அங்கே அப்படித்தான் அர்த்தமாம். அன்றைக்கே திறந்துவிட்டேன். திண்டுக்கல் சாணார்பட்டிப் பக்கத்தில் பகல் முழுக்கக் கதவைத் திறந்து போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு இதிலென்ன கூச்சம் என்று கேட்பீர்கள். எனக்கும் கூச்சம் இருந்ததில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காய்ச்சல் போய்விட்டது. தெம்பு மட்டும் திரும்பி வரவில்லை. அங்கே ஒரு கம்பெனியில் இயந்திரப் பாகங்களைக் கணினியில் வரைந்து அளவு சரிபார்ப்பது என் வேலை. என் மேலாளர் ஹென்க் நல்ல மனிதர். குளிரில் ரயிலேறி வர வேண்டாம், கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே செய் என்று ஒரு லேப்டாப்பையும் இன்டர்நெட் மோடத்தையும் கொடுத்து அனுப்பினார். அந்த நாளில் அது பெரிய சலுகை. கூட வேலை பார்த்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். நானும் ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். என் அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. காலையில் காபி குடித்ததும் கொஞ்ச நேரம் மூளை பளிச்சென்று இருக்கும். கோடுகள் தாமாக வந்து விழும். பிறகு யாரோ திருகி அணைத்த மாதிரி எல்லாம் நின்றுபோகும். திரையில் எண்கள் தெரியும், ஆனால் மண்டையில் ஏறாது. ஒரே துளையின் விட்டத்தை மூன்று முறை அளந்துவிட்டு, அளந்தேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கால் நனைந்த சாக்காகக் கனக்கும். சாயங்காலம், என் மனைவி செல்வி வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாக, மறுபடி ஒரு தெளிவு வரும். நல்ல நாள் ஒன்று வாய்த்தால் பேராசைப்பட்டு இரண்டு நாள் வேலையை ஒரே மூச்சில் முடிப்பேன். அதற்கு வட்டியும் முதலுமாக அடுத்த சில நாட்கள் எழுந்திருக்க முடியாது. அப்படியும் ஆபீஸ் நேரம் முழுக்க அந்தப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையை உயர்த்தினேன். அந்தத் தெருவில் என்னை மாதிரி உழைப்பாளி கிடையாது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

திங்கள்தோறும் ஹென்க் போன் செய்து "ஆலெஸ் ஹூத்?" என்பார். எல்லாம் நலம்தானே என்று கேட்கிறார். நான் "ஹூத், ஹூத்" என்று இரண்டு தடவை சொல்வேன். நம் ஆட்களிடம் எப்படி இருக்கீக என்று கேட்டால் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் நல்லா இருக்கேன் என்போமே, அந்தப் பழக்கம் பாதி. பயம் பாதி. எங்கள் விசாவே என் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முடியவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று உறுதியாக நம்பினேன். முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் நின்று களைத்து வரும் செல்வியிடமும் அதே ஹூத்தான். படுக்க வேண்டும் என்று உடம்பு கெஞ்சும்போது, சோபாவுக்குப் பின்னால், ஜன்னலிலிருந்து தெரியாத இடுக்கில், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தரையில் படுப்பேன். கட்டில் மாடியில் இருந்தது. ஏணியைச் செங்குத்தாக நிறுத்தியது போன்ற அந்த வீட்டுப் படியில் ஏற என்னால் முடியாது.

அந்த இடுக்கில் கிடந்து நான் நினைத்ததெல்லாம் அப்பா தூங்கும் தூக்கத்தைத்தான். தொண்ணூறுகளில் எங்கள் கிணற்றுக்கு மும்முனைக் கரண்டு ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். அதுவும் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே முனைக்கு ஒன்றாக மூன்று பல்பு வைத்திருந்தார் அப்பா. மூன்றும் எரிந்தால்தான் மோட்டார். இரண்டு எரிந்தால் 'ரெண்டு பேஸ்தான் வருது' என்பார். அந்தக் கரண்டில் லைட் எரியும், ரேடியோ பாடும், மோட்டாரைப் போட்டால் உள்ளே காயில் கம்பி கருகிப்போகும். கரண்டு இருக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மல்லிகைக்கும் கத்திரிக்கும் மாறி மாறி மடை திருப்பிக்கொண்டு ஓடுவார். கரண்டு போன மறுநிமிடம் மோட்டார் ரூம் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார். யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார், வருகிறவர்களும் எழுப்ப மாட்டார்கள். கரண்டு இல்லை, மனுசன் படுத்திருக்கிறான், இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது. பாலிடெக்னிக் விடுமுறையில் நானும் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன். கரண்டு வந்து மோட்டார் உறுமும்போது அவர் எழுந்து போவார், நான் அந்தச் சத்தத்திலேயே புரண்டு படுத்து இன்னும் ஆழமாகத் தூங்குவேன். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் வாய்க்கவில்லை. இரண்டு பேஸில் மோட்டாரைப் போடாத மனுசனுக்குப் பிறந்த நான், என்னை மட்டும் நாள் முழுக்கப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் சோபாவுக்குப் பின்னால் போகுமுன்பே கால் மடங்கிவிட்டது. அங்கேயே, ஜன்னலுக்கு நேராக, முகத்தின்மேல் கையை மடித்துப் போட்டுப் படுத்துவிட்டேன். நாயோடு வந்த கோரி அம்மாள் பார்த்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். நான் அசையவில்லை. விழித்துப் பார்க்கும்போது ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் குனிந்து என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்துக்கென்று நாங்கள் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கோரி அம்மாள் அழுதுகொண்டிருந்தார். எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். விழவில்லை, படுத்தேன் என்றேன். தரையிலா என்றார் ஒருவர். ஆமாம், தரையில்தான். சோபா இருக்கும்போது ஒரு மனிதன் ஏன் தரையில் படுக்க வேண்டும் என்பது அவருக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. தலையில் அடிபட்டிருக்கும் என்று கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் நாட்டில் இப்படித்தான் படுப்போம் என்று விளக்கினேன். சரி, வேலை நேரத்திலுமா, எத்தனை நாளாக என்று கேட்டார். கோரி அம்மாளின் அழுகையைப் பார்த்தபின் எனக்குப் பொய் வரவில்லை. தினமும் என்றேன்.

அன்று சாயங்காலம் செல்வி சோபாவுக்குப் பின்னால் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "எங்கிட்டயுமா சொல்லக் கூடாது?" என்று கேட்டாள்.

விஷயம் கம்பெனிக்குப் போனது. அங்கே கம்பெனிக்கென்று ஒரு மருத்துவர் உண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும் என்று அந்தம்மா கேட்டார். எட்டு மணி நேரம் என்றேன். ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதியதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு மொழி புரியவில்லை போலும் என்று நினைத்து, இங்கிலீஷில் மெதுவாக அதே கேள்வியைக் கேட்டார். தேவைப்பட்டால் ஒன்பதும் முடியும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் பாதி நேர வேலை, அதையும் உடம்பு விடுகிற நேரத்தில் பிரித்துச் செய்தால் போதும், மற்ற நேரம் படுத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அது பாதி வேலைநீக்கமாகத்தான் பட்டது.

மறுநாள் ஹென்க் வீட்டுக்கே வந்தார். கையில் பெரிய பூச்செண்டு. திண்டுக்கல்லில் ஊருக்கே பூ விற்கிறோம். கோயிலுக்குக் கொடுப்போம், கல்யாணத்துக்குக் கொடுப்போம். வேலை பார்க்கிற ஒருவன் கையில் மேலதிகாரியே பூவைக் கொடுத்தால் அவனுக்கு அன்றோடு ரிட்டயர்மென்ட். மாலை போட்டு, நாலு வார்த்தை நல்லதாகப் பேசி, வீட்டுக்கு அனுப்புவார்கள். நானும் முறையாக எழுந்து நின்றேன். இத்தனை வருடம் வைத்திருந்ததற்கு நன்றி, ஏதாவது குறை வைத்திருந்தால் மன்னிக்கவும் என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். ஹென்க் பூவோடு அப்படியே நின்றார். வேலையை விடப் போகிறாயா என்று பதறினார். நீங்கள்தானே பூவோடு வந்திருக்கிறீர்கள் என்றேன். உடம்பு சரியில்லாதவனைப் பார்க்க வெறுங்கையோடா வருவார்கள் என்றார் அவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போகும்போது, உனக்கு எங்கே நன்றாகத் தூக்கம் வரும் என்று கேட்டார். யோசிக்காமல் ஊரில் என்றேன். அப்படியானால் லீவு எடுத்துக்கொண்டு போய்த் தூங்கிவிட்டு வா என்றார்.

தூங்குவதற்கென்று விமானம் ஏறியவன் நானாகத்தான் இருப்பேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா பக்கத்தில், அந்த மோட்டார் ரூம் தரையில், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஒரு மதியம் தூங்க வேண்டும். அது மட்டும் கிடைத்துவிட்டால் போன தெம்பெல்லாம் வந்துவிடும் என்று குழந்தைத்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பகல் முறைக் கரண்டு. அம்மா கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போனபோது பல்பு எதுவும் எரியவில்லை. அப்பா துண்டை விரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாயப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"கீழ படுக்காத அப்பு. ஒனக்கு இப்பத் தரை ஒத்துக்காது. செத்த பொறு, கட்டில் கொண்டாரேன்."

வேண்டாமென்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து நைலான் பட்டைக் கட்டில் ஒன்றைத் தலையில் சுமந்து வந்தார். அதைப் போட்டதும் ரூமில் அவர் படுக்க இடமில்லை. புதுப் போர்வை விரித்து, என்னைப் படுக்க வைத்துவிட்டு, தான் வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். வழியில் போன ஒருவர் சத்தமாக ஏதோ கேட்டார். "மெதுவாப் பேசுப்பா. எம்மகன் ஒறங்குறான். அங்க வேல பாத்துப் பாத்து ஒடம்பு அலந்து போயி வந்திருக்கான்" என்று அப்பா அடங்கிய குரலில் சொல்வது எனக்குக் கேட்டது. அவர் அவ்வளவு பாடுபட்ட பிறகு தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்? கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு கிடந்தேன். விருந்தாளிக்குப் பாய் விரித்துவிட்டு வீட்டுக்காரர்கள் தூங்காமல் இருப்பார்களே, அந்த மரியாதை எனக்கு நடந்துகொண்டிருந்தது. என் அப்பா அதை எனக்குச் செய்தது தாங்க முடியாமல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் இமை இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. மூன்று பல்பும் எரிந்தன. அப்பா எழுந்து வரும் சத்தம் கேட்டது. நிலைப்படியில் நின்று பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் திரும்பிப் போய்விட்டார். வெளியே மல்லிகைப் பாத்தி காய்ந்து வெடித்துக் கிடந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். ஓடுகிற கரண்டை அவர் சும்மா விட்டு என் ஆயுளில் நான் கண்டதில்லை. மோட்டார் போட்டால் நான் முழித்துவிடுவேன் என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று அவருக்கு யார் சொல்வது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சோம்பல் முறிப்பவன்போல் கையை நீட்டி எழுந்து வெளியே போனேன்.

"முழிச்சிட்டேன்ப்பா. மோட்டாரப் போடுங்க."

"நல்லா ஒறங்குனியா?"

"நல்லா ஒறங்கிட்டேன்."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. வேகமாக உள்ளே போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தினார். மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்து வாய்க்காலில் ஓட, மண்வெட்டியோடு அவர் அதன் பின்னால் ஓடினார். மாதக்கணக்காக எனக்கு வராத தூக்கம் அப்போதுதான் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. முழித்துவிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.