சிவப்பு மூடி ஒழுகவில்லை

காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. டயாலிசிஸ் திரவம் நிரப்பும் வாடிக்கையாளரின் கிடங்கில், எங்கள் நீல மூடி போட்ட கேன்கள் ஒழுகுகின்றன. அதே மோல்டில், அதாவது அச்சில், வார்த்த சிவப்பு மூடிகள் ஒழுகவில்லை. மருத்துவமனைகளுக்குப் போகவேண்டிய சரக்கு நின்றுவிட்டது.

மலேசியாவின் ஜொகூரில் இருந்த அந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பிரிவு என் பொறுப்பு. மாலைக்குள் காரணம் எழுத்தில் வேண்டும் என்றார் மேனேஜர் செல்வநாயகம்.

மெஷின் பதிவைப் புரட்டினேன். நீல மூடி ஓடிய இரவு ஷிப்டில், மோல்டைக் குளிர்விக்க அதற்குள் ஓடும் தண்ணீரின் வெப்பநிலை இருபது டிகிரியிலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கப்பட்டிருந்தது. இறக்கியவர் டெக்னீஷியன் முனியாண்டி அண்ணன். பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்தவர், மெஷின் வேலையில் என்னைவிட அதிக அனுபவம் உள்ளவர். அனுமதி கேட்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அனுமதியின்றி வெப்பநிலையை இறக்கியதே காரணம் என்று எழுதினேன். மறுநாள் அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

அதன் பிறகு, என் அறிக்கைக்கு ஆதாரம் சேர்க்கத்தான் சோதனை ஓட்டினேன். இரண்டு நிறம், இரண்டு வெப்பநிலை. இருபது டிகிரியில் வார்த்த நீல மூடி ஒரு மணி நேரத்திலேயே லேசாக முட்டை வடிவத்துக்குப் போனது. பன்னிரண்டில் வார்த்தது வட்டமாக நின்றது. நான் எழுதியதற்கு நேர்மாறாக இருந்தது. மறுநாள் காலை மறுபடி அளந்தேன். பன்னிரண்டில் வார்த்த நீல மூடியும் கோணியிருந்தது. சிவப்பு மூடிகள் எல்லாம் வட்டமாகவே இருந்தன.

வெப்பநிலை காரணமில்லை. நிறம்தான். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது அதன் நீண்ட இழைகள் மடிந்து அடுக்கிப் படிகமாகின்றன. படிகம் வளரத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். சில நீல நிறமிகளின் துகள்களே அந்தப் பிடிமானம் ஆகிவிடும். அப்போது பிளாஸ்டிக் சீக்கிரமே படிகமாகி, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கும்; கோணிய மூடி கேன் வாயில் இறுகாமல் ஒழுகும். மோல்டைக் குளிர்வித்தால் அந்தச் சுருக்கம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

பிளாஸ்டிக்கில் கலக்கும் நிற மணிகளைத் தரும் சப்ளையரை அழைத்தேன். நீல நிறமியை மாற்றியதாகவும், முன்பே மாதிரி அனுப்பி ஒப்புதல் வாங்கியதாகவும் சொன்னார். கோப்பைத் திறந்தேன். ஒப்புதல் தாளில் என் கையெழுத்து. விளக்கடியில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்திருந்தேன். மூடி வார்த்து அளக்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கஸ்டமர் முதல் ரிப்போர்ட்டை ஏத்துக்கிட்டாங்க. நிறமியைச் சத்தமில்லாம மாத்திடலாம். இதை ஏன் கிளறணும்?”

“முனியாண்டி அண்ணன் வீட்ல உட்கார்ந்திருக்காரு, சார். தப்பு என்னோடது.”

வாடிக்கையாளர் ஒப்பந்தத்தையே முறித்துவிடலாம், என் வேலையும் போகலாம் என்றார். தெரியும் என்றேன். தாளை மறுபடி எடுத்துப் படித்துவிட்டு, புது அறிக்கை எழுதச் சொன்னார்.

எழுதினேன். பழைய நிறமிக்குத் திரும்பினோம், ஒப்பந்தம் தப்பியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. திங்கட்கிழமை முனியாண்டி அண்ணன் திரும்பினார். மெஷினருகே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மோல்டைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“மூடி கோணுச்சு, மிஸ். தண்ணியக் குறைச்சா கொஞ்சம் நின்னுச்சு. காலைல உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன், மூடி சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்வேன். நிறமோ வேறு சேர்மானமோ மாறினால், பொருளை வார்த்து, இரண்டு நாள் கழித்து அளந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அறிக்கையில் ஒருவர் பெயரை எழுதுமுன் அவர் நிற்கும் மெஷின்வரை நடந்து போங்கள்.

முனியாண்டி அண்ணன் ஓய்வு பெறும்வரை என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் அதன்பின் மெஷினில் ஒரு டிகிரி மாற்றினாலும் தாளில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார். நான் கையெழுத்துப் போட்டதும், அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.